பனி வரவு எந்தத் தலைப்பில்?

அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு பாடம் ரத்தத்தில் ஊறியிருக்கும். பணம் வந்துவிட்டது என்பது மட்டும் போதாது. எங்கிருந்து வந்தது, எந்தத் தலைப்பில் சேர வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் அது வரவு. விவரம் தெரியாத பணத்தை ‘சஸ்பென்ஸ்’ கணக்கில் தனியே ஒதுக்கி வைப்போம். நிறைய வந்திருக்கிறதே என்று மகிழ்ந்துபோய் அதை உபரியாகக் காட்டினால், தணிக்கைக்கு வருபவர் முதலில் அந்த வரியில்தான் சிவப்பு மையால் சுழிப்பார்.

இன்றைக்குச் செல்போனில் சுற்றிவரும் ஒரு செய்திக்கு இந்தப் பழைய பாடம் மிகவும் பொருந்துகிறது. ‘தென்துருவத்தில் பனி கூடுகிறது, ஆகவே உலகம் சூடாகிறது என்பது கட்டுக்கதை’ என்பது அந்தச் செய்தியின் சாரம். சேலம் சாலை டீக்கடையில் என் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். “பாத்தீங்களா சார், அங்க பனி ஏறிக்கிட்டே போகுதாம். இவங்க என்னடான்னா உருகுது உருகுதுன்னு பயமுறுத்துறாங்க” என்றார்.

பனி கூடியது பொய் இல்லை. 2021 முதல் 2023 வரையிலான காலத்தில் அண்டார்டிகாவின் பனி எடை சற்றுக் கூடியதாகவே செயற்கைக்கோள் அளவீடுகள் காட்டின. வழக்கத்தை மீறிய பனிப்பொழிவுதான் காரணம். செய்தியில் இருக்கும் எண் சரி, அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. அந்தப் பனி எங்கிருந்து வந்தது என்று கேட்காமலேயே அதை உபரியில் சேர்த்துவிட்டார்கள்.

முதலில் சொல்லில் உள்ள ஒரு சிக்கலை நீக்கிவிடுகிறேன். நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் வைக்கோல் போரை நனைக்கும் ஈரம். அது வானத்திலிருந்து விழுவதில்லை, பக்கத்துக் காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்து ஒட்டிக்கொள்வது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே இதற்கு ‘ரோஸே’ என்று ஒரு சொல், வானிலிருந்து பஞ்சாக விழும் பனிக்கு ‘நேஜ்’ என்று ஒரு சொல், உறைந்த கட்டிக்கு ‘கிளாஸ்’ என்று இன்னொரு சொல். தமிழில் மூன்றையும் பனி என்றே சொல்லிப் பழகியதால், துருவத்தில் பனி இருப்பது இயற்கை, அது அங்கேயே ஊறிக் கிடப்பது என்ற எண்ணம் நமக்கு வந்துவிடுகிறது. அப்படியல்ல. துருவ நிலத்தின்மேல் கிடக்கும் வெண்மை மேகமாகப் போய் விழுந்த மழைதான். விழும்போது உறைந்திருந்தது, அவ்வளவே. மழை என்றால் அதற்கு ஒரு கடல் வேண்டும். எந்தக் கடல்?

குளிர்ந்த காற்றால் ஈரத்தைச் சுமக்க முடியாது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 30 கிராம் நீராவி நிற்கும். மைனஸ் 20 டிகிரியில் அதே காற்றில் ஏறத்தாழ ஒரு கிராம்தான். அதனால்தான் அண்டார்டிகாவின் உட்பகுதி உண்மையில் ஒரு பாலைவனம். அங்கே ஓராண்டு முழுக்க விழும் பனியை உருக்கினால் 5 சென்டிமீட்டர் நீர்கூடத் தேறாத இடங்கள் பல. நம் கல்வராயன் மலையில் ஒரு நல்ல மாலை மழைக்கே அவ்வளவு பெய்துவிடும். விழுந்தது உருகாமல் லட்சக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்ததால்தான் கிலோமீட்டர் கணக்கில் தடித்துக் கிடக்கிறது. சிறுவாடு சேர்த்துப் பெரிய சொத்து ஆனது போல.

காற்று ஒவ்வொரு டிகிரி சூடாகும்போதும் அது தாங்கக்கூடிய நீராவி ஏறக்குறைய 7 சதவீதம் கூடும். இதற்கான விதியில் இரண்டு பெயர்கள் ஒட்டியிருக்கின்றன. ஒருவர் பிரான்சின் எமில் கிளாப்பெய்ரோன், ரயில் என்ஜின்களோடு வாழ்ந்த பொறியாளர். மற்றவர் ஜெர்மனியின் ருடால்ஃப் கிளாசியஸ். இருவரும் 19ஆம் நூற்றாண்டுக்காரர்கள், புவி வெப்பமாவதைப் பற்றி யோசித்தவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் விதிப்படி, உலகம் சூடானால் துருவத்துக்குப் போகும் ஈரம் கூடத்தான் வேண்டும். ஆக, பனிப்பொழிவு கூடுவது வெப்பமாதலுக்கு எதிரான சாட்சி இல்லை. வெப்பமாதலின் கையெழுத்தே அதுதான்.

கூடுதல் ஈரம் துருவத்துக்கு வர இரண்டு வழிகள் உண்டு. பக்கத்துக் கடலிலிருந்து வரலாம், தொலைவிலிருந்தும் வரலாம். வடதுருவமும் தென்துருவமும் இதில் வேறுபடுகின்றன.

வடதுருவத்தின் நடுவில் இருப்பது கடல், அதன்மேல் மிதக்கும் பனித்தட்டு. அடுப்பில் வெந்நீர்க் குண்டானை மூடி வைத்தால் ஆவி வெளியே வராது. மூடியை எடுத்தால் சற்று நேரத்தில் அடுப்படிச் சுவரெல்லாம் வேர்த்துவிடும். அந்த மூடிதான் கடல்பனி. செயற்கைக்கோள்கள் 1979 முதல் தொடர்ந்து பார்த்துவருகின்றன. செப்டம்பர் மாதத்து கடல்பனிப் பரப்பு பத்தாண்டுக்குச் சுமார் 12 சதவீதம் என்ற கணக்கில் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. மூடி விலகிய இடத்தில் கடல் நேரடியாகக் காற்றோடு பேசுகிறது, ஆவி எழுகிறது. நெதர்லாந்தின் பிண்டான்யா, செல்டன் என்ற இருவர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, இந்த நூற்றாண்டின் முடிவில் வடதுருவப் பகுதியின் மழையும் பனியும் சேர்ந்து பாதிக்கு மேல் கூடலாம் என்றது. அந்தக் கூடுதலில் பெரும்பங்கு தெற்கிலிருந்து போகும் ஈரம் அல்ல, மூடி விலகிய அந்தக் கடலே குளிர்காலத்தில் விடும் ஆவி என்றும் கணித்தது.

யோசித்துப் பாருங்கள். பனித்தட்டை இழந்த கடல்தான் அந்தக் கூடுதல் பனியைக் கொடுக்கிறது. வீட்டுச் சுவரை இடித்து விற்ற செங்கல் காசை வருமானம் என்று எழுதிக்கொள்வது போன்றது இது.

அதுவும் எப்போதும் பனியாக விழுவதில்லை. 2021 ஆகஸ்ட் 14ஆம் தேதி, கிரீன்லாந்துப் பனிமலையின் உச்சியில், 3,200 மீட்டர் உயரத்தில், பல மணி நேரம் மழையே பெய்தது. அந்த ஆய்வுநிலையம் ஏற்பட்ட பிறகு அங்கே மழை பதிவானது அதுவே முதல்முறை. மழை விழுந்தால் பனி வளராது, கரையும். இந்தியாவின் ‘ஹிமாத்ரி’ நிலையம் 2008 முதல் இயங்கும் ஸ்வால்பார்டு தீவில் இதன் வேறொரு விளைவைக் காணலாம். குளிர்காலத்தில் பனிமேல் மழை பெய்து அது கண்ணாடிபோல் உறைந்துவிட்டால், கலைமான்களால் கீழே உள்ள தாவரத்தைக் கிளறி எடுக்க முடியாமல் பட்டினி கிடக்கின்றன. மழைப் பதிவேட்டில் மட்டும் அது நல்ல வரவாகவே தெரியும்.

தென்துருவம் வேறு வகை. நடுவில் கண்டம், சுற்றிலும் கடல். கண்டத்தின் ஓரங்களுக்குச் சற்றே பக்கத்துக் கடலிலிருந்து ஈரம் வருகிறது. உள்ளே போகப் போக, ஈரம் புறப்பட்ட இடம் வடக்கே தள்ளிப்போகிறது. உயரமான பீடபூமிக்கு நெடுந்தொலைவில் எழுந்த ஆவிதான் பெரும்பாலும் போய்ச் சேர்கிறது.

தென்துருவம் நமக்கு ரொம்பத் தூரம் என்று நினைக்காதீர்கள். எலவனாசூர்கோட்டையிலிருந்து நூல் பிடித்தாற்போல் நேர் தெற்கே ஒரு கோடு போடுங்கள். கோடு ராமநாதபுரம் சீமையைத் தாண்டிக் கடலில் இறங்கிவிட்டால், அண்டார்டிகா வரை வேறு நிலமே கிடையாது. போய் முட்டும் கரைக்குச் சற்று மேற்கில்தான், 2012இல் திறந்த இந்தியாவின் ‘பாரதி’ நிலையம் இருக்கிறது. நமக்கும் அதற்கும் இடையே இருப்பது ஒரே ஒரு இந்தியப் பெருங்கடல்.

அந்தக் கடல் என்ன செய்யும் என்பது 2022 மார்ச்சில் தெரிந்தது. கண்டத்தின் கிழக்குப் பகுதியில், பிரான்சும் இத்தாலியும் சேர்ந்து நடத்தும் கான்கோர்டியா நிலையத்தில், மைனஸ் 50ஐ ஒட்டி இருக்க வேண்டிய வெப்பநிலை 18ஆம் தேதி மைனஸ் 12 அளவுக்கு ஏறியது. பின்னர் ஆராய்ந்தவர்கள் காரணத்தைத் தேடிப் போய் இந்தியப் பெருங்கடலின் வெப்பப் பகுதியில் நின்றார்கள். அங்கே அடுத்தடுத்து எழுந்த புயல்களும் மேகக் கூட்டங்களும் காற்றோட்டத்தை வளைத்துவிட, நீராவி ஓர் ஆறுபோல் தெற்கே பாய்ந்தது. இதை ‘வானத்து ஆறு’ என்றே ஆய்வாளர்கள் அழைக்கிறார்கள். அந்த ஆறு கண்டத்துக்குள் ஏராளமான பனியைக் கொட்டியது. கரையிலோ, அதே நாட்களில் காங்கர் என்ற பனித்தட்டு உடைந்து போனது. ஒரே காற்று ஒரு கையால் கொடுத்து, மறு கையால் முட்டுக்கட்டையை உருவிக்கொண்டது.

பனி கொட்டுவதன் பலத்தை இந்தியா அனுபவத்தில் கண்டிருக்கிறது. அண்டார்டிகாவில் நம் முதல் நிலையம் ‘தட்சிண கங்கோத்ரி’. 1983-84இல் பனித்தட்டின்மேல் கட்டினார்கள். சில ஆண்டுகளில் பனி அதை மெல்ல மெல்லப் புதைத்துவிட்டது. 1990இல் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. அடுத்த நிலையமான ‘மைத்ரி’யைப் பாறைமேல் கட்டினார்கள்.

சரி, ஒரு பிடிப் பனியைக் கையில் எடுத்து, ‘நீ எந்தக் கடலில் புறப்பட்டாய்?’ என்று எப்படிக் கேட்பது? இதற்கு ஒரு வழி, பழைய கடிதங்களில் தபால் முத்திரை பார்ப்பது போன்றது.

1952 ஜூனில் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் அடைமழை. வில்லி டான்ஸ்கார்டு என்ற ஆய்வாளர் தன் வீட்டுத் தோட்டத்தில் ஒரு காலி பீர் பாட்டிலின் வாயில் புனல் வைத்து மழைநீரைப் பிடித்தார். எல்லா நீரும் ஒரே எடை அல்ல. ஆக்சிஜனில் சற்றுக் கனமான ஒரு வகை உண்டு, ஹைட்ரஜனிலும் உண்டு. கனமான நீர் ஆவியாகத் தயங்கும், மேகத்திலிருந்து முதலில் இறங்கிவிடும். ஆகவே மேகம் பயணப்பட, பயணப்பட, அதில் மிஞ்சும் நீர் லேசாகிக்கொண்டே போகும். துருவத்தில் விழும்போது மிக லேசாக இருக்கும். அவர் மழைநீரில் கண்ட இந்த வேறுபாடு பின்னாளில் ஒரு துறையாகவே வளர்ந்தது. கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்சிஜனும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று சேர்த்துப் பார்த்தால், ஆவி எழுந்த கடலின் சூடு, அங்கே காற்றில் இருந்த ஈரம் ஆகியவற்றை ஊகிக்கலாம் என்று 1979இல் லிலியான் மெர்லிவா, ழான் ழூசெல் என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். முத்திரை சில சமயம் தேய்ந்தும் இருக்கும். அதனால் காற்று வந்த பாதையையும் கணினியில் பின்னோக்கி வரைந்து இரண்டையும் ஒப்பிடுகிறார்கள். நம் நாட்டில் கோவாவில் உள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையம் துருவப் பனியை இப்படி ஆராய்ந்து வருகிறது.

இப்போது கணக்கை முடிக்கலாம். நேர்மையாக எழுத வேண்டுமென்றால் வரவுப் பக்கத்தையும் காட்டத்தான் வேண்டும். அண்டார்டிகாவில் கூடுதலாக விழுந்த பனி, கடலிலிருந்து நீரை எடுத்துத் தரையில் வைத்தது. சென்ற நூற்றாண்டில் கடல்மட்ட உயர்வை அது சுமார் 10 மில்லிமீட்டர் குறைத்தது என்று ஒரு மதிப்பீடு உண்டு. அது போகத்தான், 1901 முதல் 2018 வரை உலகின் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. வரவு ஒரு சென்டிமீட்டர், அதைக் கழித்த பிறகும் பற்று இருபது. 1992 முதல் 2017 வரை மட்டும் அண்டார்டிகா இழந்த பனி இரண்டரை லட்சம் கோடி டன்னுக்கும் மேல். கிரீன்லாந்து அதைவிடவும் அதிகமாக இழந்தது. இரண்டு மூன்று ஆண்டு நல்ல பனிப்பொழிவை எடுத்துக் காட்டி ‘எல்லாம் சரியாகிவிட்டது’ என்பவர்கள், பாஸ்புக்கில் ஒரே ஒரு பக்கத்தைப் படித்தவர்கள். கடல் ஏறினால் முதலில் தெரியப்போவது நான் சிறுவனாக நடந்த புதுச்சேரிக் கரையில்தான். அங்கே மணல் கரைந்து போய்க் கருங்கல் கொட்டி வைத்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதற்குத் துறைமுகக் கட்டுமானம் போன்ற வேறு காரணங்கள் உண்டு. ஆனால் ஏற்கெனவே அடி வாங்கிய கரைக்கு, ஏறும் கடல் இன்னொரு அடி.

இந்த வயதில் துருவத்தைப் பற்றி உங்களுக்கு என்ன கவலை என்று வீட்டில் கேட்கிறார்கள். கவலை துருவத்தோடு நிற்கவில்லை என்பதுதான் என் பதில்.

நம் முன்னோர் மழையின் தலைப்பைத் தெரிந்து வைத்திருந்தார்கள். வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை, கிழக்கிலிருந்து கொண்டல். கொண்டல் என்பது கீழ்க்காற்றுக்கும் பெயர், மழை மேகத்துக்கும் பெயர். மழை எந்தக் கடலிலிருந்து வருகிறது என்ற அறிவு அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. இன்றைக்கு நம்மிடம் எஞ்சியிருப்பது சென்டிமீட்டர் மட்டும்தான். ‘ராத்திரி எவ்வளவு பெய்ததாம்?’ என்று கேட்கிறோம், எங்கிருந்து என்று கேட்பதில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை ஏறி, நகராமல் நின்று கொட்டியது. புதுச்சேரியிலும் மயிலத்திலும் ஒரே நாளில் அரை மீட்டரை ஒட்டிய மழை. அடுத்த நாள், கடலிலிருந்து அவ்வளவு தள்ளியிருக்கும் ஊத்தங்கரையிலும் 50 சென்டிமீட்டர். தென்பெண்ணை பெருக்கெடுத்து, கரையோர ஊர்கள் பட்டபாடு நாம் அறிந்ததே. வங்கக் கடலின் சூடு கூடினால் கிளாப்பெய்ரோன் விதி இங்கேயும் வேலை செய்யும். ஆண்டு மொத்தம் பதிவேட்டில் பழைய எண்ணாகவே இருக்கலாம். ஆனால் இருபது நாளில் பெய்ய வேண்டியது இரண்டு நாளில் பெய்தால் நம் ஏரி பிடித்து வைக்குமா? கலிங்கு வழியாகப் போய்விடும். துருவத்திலும் இங்கேயும் ஒரே பாடம்தான்: மொத்தத் தொகை சரியாக இருப்பதால் கணக்கு சரியாகிவிடாது.

குடியானவனுக்குத் தேவை மழை, அது எந்தக் கடலில் பிறந்தது என்ற ஜாதகம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பயன் இருக்கிறது. தென்னிந்தியாவில் வடகிழக்குப் பருவமழை நீர் தென்மேற்குப் பருவமழை நீரைவிட லேசானது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கிணற்று நீரைச் சோதித்தால், அதில் ஊறியது ஆடி ஆவணி மழையா, ஐப்பசி மழையா என்று ஓரளவு சொல்லிவிடலாம். எந்த மழை நம் நிலத்தடியை நிரப்புகிறது என்று தெரிந்தால்தான், எந்த மழைக்கு முன்னால் ஏரியைத் தூர்வாருவது, எந்த வாய்க்காலை முதலில் செப்பனிடுவது என்று முடிவு செய்ய முடியும்.

ஆகவே என் கோரிக்கை சிறியது. தாலுகா அலுவலகங்களின் மழைமானியில் காலை 8.30 மணிக்கு அளவு பார்த்து எழுதியதும் அந்த நீரைக் கொட்டிவிடுகிறார்கள். கொட்டும் முன் ஒரு சின்னக் குப்பி அளவு எடுத்து, காற்றுப் புகாமல் மூடி, தேதி எழுதி வைக்கட்டும். மாவட்டம் முழுக்க வேண்டாம். கல்வராயன் மலைமேல் ஓரிடம், கள்ளக்குறிச்சியில் ஓரிடம், கடற்கரைப் பக்கம் ஓரிடம் போதும். மாதம் ஒருமுறை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். அகமதாபாத்தின் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடம் போன்ற இடங்களில் இந்தச் சோதனைக்கு வேண்டிய கருவிகள் இருக்கின்றன. பத்தாண்டு சேர்ந்தால் அது நம் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு பதிவேடு. ஒரு டேனிஷ்காரர் காலி பீர் பாட்டிலை வைத்துத் தொடங்கிய வேலையை நாம் மருந்துக் குப்பியை வைத்துத் தொடங்க முடியாதா? நம் ஊரில் இரண்டுக்குமே பஞ்சமில்லை.

நம் வயதுக்காரர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். அடுத்த முறை ‘பனி கூடுகிறது’ என்ற செய்தி வந்தால், உடனே பத்துப் பேருக்கு அனுப்பிவிடாதீர்கள். சஸ்பென்ஸ் கணக்கில் வையுங்கள். எங்கிருந்து வந்தது என்ற சலானைக் கேளுங்கள். அது வந்த பிறகு எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று பார்த்துக்கொள்ளலாம்.